மெடூசாவின் தெப்பம்: 24×36 கேன்வாஸில் ஒரு நகல்

பிரெஞ்சு ஓவியர் தியோடர் ஜெரிக்கோ 1818–19இல் வரைந்த ‘மெடூசாவின் தெப்பம்’ பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 491 செ.மீ., அகலம் 716 செ.மீ. 1816 ஜூலையில் இன்றைய மொரித்தேனியாவின் கரையை ஒட்டித் தரைதட்டிய மெடூஸ் என்ற பிரெஞ்சுக் கப்பலிலிருந்து சுமார் 147 பேரை ஒரு தெப்பத்தில் ஏற்றிவிட்டு, இழுத்துச்செல்ல வேண்டிய படகுகள் கயிற்றை விட்டுவிட்டன. 13 நாள் கழித்து ஆர்கஸ் என்ற கப்பல் அவர்களைக் கண்டபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். அந்தக் கப்பல் அடிவானத்தில் புள்ளியாகத் தெரிகிற கணம்தான் ஓவியம்.

ஆயில் பெயின்டிங் பழக இவ்வளவு சிக்கலான படத்தையா நகலெடுப்பது என்று கேட்கலாம். பென்சிலில் மனித உருவம் வரைந்து பழகாதவர்களுக்கு இது வேண்டாம். கை கால் விகிதத்தோடு மல்லுக்கட்டவே நேரம் போய்விடும், வண்ணம் பழக முடியாது. ஓரளவு வரையத் தெரிந்து, சின்னச் சின்ன ஆயில் படங்கள் செய்து பார்த்தவர்களுக்கோ இதைவிட நல்ல பாடம் குறைவு. காரணம் எளிது: படத்தில் உருவங்கள் ஏராளம், நிறங்கள் குறைவு. பழுப்பு, மங்கிய மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, பச்சை கலந்த சாம்பல், அவ்வளவுதான். ஒளியும் நிழலும் சரியாக விழுந்தால் படம் நிற்கும். விழாவிட்டால் எந்த நிறத்தைப் பூசியும் காப்பாற்ற முடியாது.

எந்தத் தெப்பத்தை நகலெடுப்பது?

பிரஷைத் தொடுமுன் இதை முடிவுசெய்துவிட வேண்டும். லூவரில் இன்று தெரிவது 1819இல் பார்வையாளர்கள் கண்ட படமல்ல. ஜெரிக்கோ நிழல்களுக்குப் பிட்டுமன் பயன்படுத்தினார். அது நிலக்கீல்தான், சாலைக்குப் போடும் தாரின் நெருங்கிய உறவு. பூசும்போது வெல்வெட் போல ஆழமான, ஒளி ஊடுருவும் பழுப்பு கிடைக்கும். ஆனால் பிட்டுமன் எண்ணெயை முழுதாக உலர விடாது. அடியில் இளகிய படலம் இருக்க, மேலே வந்த வண்ணம் இறுகிச் சுருங்கும். விளைவாகப் பரப்பு முதலைத் தோல் போலப் பிளந்து, காலப்போக்கில் கருத்தும் போகும். அதைப் பழையபடி மீட்க வழியில்லை. படம் இப்படிக் கெட்டுவந்ததால்தான் 1859–60இல் கியெமே, ரோன்ஷா என்ற இரு ஓவியர்கள் மூல அளவிலேயே ஒரு நகல் செய்தார்கள். அது ஆமியான் நகரின் பிக்கார்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். வடிவத்துக்கும் பிரஷ் போக்குக்கும் லூவர் படம். இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத இடங்களில் ஆமியான் நகல் ஒரு துணை. அச்சடித்த போஸ்டரை நம்பி வேலை செய்யக் கூடாது. ஏற்கெனவே கருத்த படம் அச்சில் இன்னும் ஒரு படி கருக்கும். அருங்காட்சியகம் தருகிற பெரிய அளவுப் படத்தைக் கணினியில் திறந்து, ஒரு பிரதியில் வெளிச்சத்தை இரண்டு படி ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். நிழலுக்குள் கிடக்கும் முழங்கால்கள், பலகை விளிம்புகள் அதில் எழுந்து வரும். இன்னொரு பிரதியைக் கருப்பு வெள்ளையாக்கி, போஸ்டரைஸ் வசதியில் 4 படிநிலையாகக் குறையுங்கள். வேலையின் முதல் பாதிக்கு இந்தப் பிரதிதான் வழிகாட்டி.

அளவும் கட்டமும்

மூலத்தின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.458. கடையில் கிடைக்கும் 24×36 அங்குலக் கேன்வாஸின் விகிதம் 1.5. உயரம் 24 வைத்தால் அகலம் சரியாக 35 அங்குலம் வரும். ஓரத்தில் ஒரு அங்குலத்தைக் கோடு போட்டு விட்டுவிட வேண்டும். பலர் படத்தை 36க்கு இழுத்து நிரப்பிவிடுவார்கள். அந்த ஒரு அங்குலம் உருவங்களைத் தடிக்க வைத்து, மேலேறும் முக்கோணத்தின் சரிவையும் தளர்த்திவிடும்.

இந்த அளவில் நகலின் உயரமும் அகலமும் மூலத்தில் எட்டில் ஒரு பங்கு. முன்வரிசைத் தலைகள் 5 செ.மீ.க்குள்ளும் பின்னால் இருப்பவை 3 செ.மீ.க்குள்ளும் அடங்கும். 2ஆம் எண் ஃபில்பர்ட் (முனை வளைந்த தட்டை) பிரஷால் முகத்தின் ஒளிப்பக்கத்தையும் நிழல்பக்கத்தையும் பிரித்துவைக்க இது போதும். 16×20 எடுத்தால் பின்வரிசைத் தலைகள் ஒன்றரை செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். பிறகு அது மினியேச்சர் வேலை, வேறு கலை.

ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய ரெடிமேட் கேன்வாஸ் ஆனாலும் மேலே இரண்டு கை ஜெஸ்ஸோ கொடுங்கள், ஒன்று நெடுக்கில், ஒன்று குறுக்கில். ஒவ்வொரு கையும் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாள், கடைசியில் 320. மலிவான கேன்வாஸ் எண்ணெயைக் குடித்துவிடும். குடித்த இடத்தில் வண்ணம் சுண்ணாம்பு போல வெளிறும்.

கட்டம் போட இரு பக்கத்தையும் 8ஆகப் பிரியுங்கள். உயரத்தில் ஒவ்வொன்றும் 3 அங்குலம், அகலத்தில் 4 அங்குலம் 3 நூல். சதுரமாக வராது, வர வேண்டியதும் இல்லை. கட்டம் முழுப்படத்தின் விகிதத்திலேயே இருப்பதால் மூலப் பிரதியையும் பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று பிரித்தால் 64 கட்டமும் பொருந்திவிடும். கட்டக்கோட்டை மெல்லிய கரியால் போடுங்கள். பென்சில் கோடு வெளிறிய சதையின் அடியிலிருந்து நாளாக நாளாக மேலே தெரிய ஆரம்பிக்கும்.

உருவங்களை ஒவ்வொன்றாக வரையத் தொடங்காதீர்கள். முதலில் அடிவானக் கோடு. அடுத்து இரண்டு முக்கோணங்கள்: இடப்பக்கம் பாய்மரமும் அதைத் தாங்கும் கயிறுகளும் சேர்ந்து ஒன்று, வலப்பக்கம் மனிதர்களே ஒருவர்மேல் ஒருவராக ஏறித் துணி ஆட்டுகிறவரின் கையில் முடிகிற மற்றொன்று. பாய் காற்றில் புடைத்துத் தெப்பத்தை இடப்பக்கம் தள்ளுகிறது, மனிதர்களோ வலப்பக்கம் எம்புகிறார்கள். படத்தின் இழுபறி முழுவதும் இந்த இரண்டு திசைகளில்தான். இரண்டு உச்சிகளுக்கும் நடுவிலுள்ள வானத்தின் வடிவத்தைத் தனி உருவமாகவே நினைத்து வரையுங்கள். அது சரியாக அமைந்தால் சுற்றியிருப்பவை தாமாகவே இடத்தில் வந்து உட்காரும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி ஒருமுறை ஒப்பிடுங்கள். சாய்ந்த மரமும் நீண்டுபோன கையும் உடனே காட்டிக்கொடுக்கும்.

வண்ணங்கள்

ஜெரிக்கோவின் வண்ணப் பலகையில் இருந்தவை என்று பதிவானவை: வெர்மிலியன், வெள்ளை, நேப்பிள்ஸ் எல்லோ, இருவகை எல்லோ ஓக்கர், இருவகைச் செங்காவி, ரா சியன்னா, லைட் ரெட், பர்ன்ட் சியன்னா, கிரிம்சன் லேக், பிரஷ்யன் ப்ளூ, பீச் பிளாக், ஐவரி பிளாக், காசல் எர்த், பிட்டுமன். கடைசி இரண்டையும் தொட வேண்டாம். காசல் எர்த்தும் சரியாக உலராத மண்தான். கிரிம்சன் இடத்தில் அலிஸரின் வாங்குவதானால் டியூபில் நிறமி எண் பி.ஆர். 83 என்று போட்டிருப்பதைத் தவிருங்கள், வெயிலில் வெளுக்கும். பி.வி. 19 எண் உள்ள குவினாக்ரிடோன் நிலையானது. அசல் நேப்பிள்ஸ் எல்லோவில் ஈயம் உண்டு, ‘ஹ்யூ’ என்று போட்ட கலவையே போதும்.

வாங்க வேண்டியது: டைட்டானியம் ஒயிட் 200 மி.லி. ஒன்று. பர்ன்ட் அம்பர், ரா அம்பர், எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், நேப்பிள்ஸ் எல்லோ, அல்ட்ராமரீன் ஆகியவற்றில் 40 மி.லி. அளவில் ஒவ்வொன்று. பிரஷ்யன் ப்ளூ, குவினாக்ரிடோன், ஐவரி பிளாக் கிடைப்பதிலேயே சின்ன டியூப். லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) 100 மி.லி., நல்ல டர்பன்டைன் 500 மி.லி. ஜிங்க் ஒயிட்டை அடிப்படலத்தில் சேர்க்கக் கூடாது. அதன் படலம் நொறுங்கும் தன்மையுடையது, மேலே வருவதையும் சேர்த்து உரித்துவிடும்.

கருப்பு இல்லாத இருட்டு

இந்தப் படத்தைக் கெடுக்க எளிய வழி, நிழலில் எல்லாம் ஐவரி பிளாக் பூசுவது. அது எண்ணெய் மிகுந்த, மெதுவாக உலரும் நிறமி. அடியில் போட்டால் பிட்டுமன் செய்த வேலையின் சிறு பதிப்பைத் தானும் செய்யும். தவிர, தடித்துப் பூசினால் அது ஒளியை ஊடுருவ விடாத கருப்பு. கேன்வாஸில் ஓட்டை விழுந்தது போலத் தெரியும்.

பர்ன்ட் அம்பர் 2 பங்கு, அல்ட்ராமரீன் 1 பங்கு கலந்தால் கருப்புக்கு அருகில் போகும். அம்பரைக் கூட்டினால் இருட்டு சூடாகும், நீலத்தைக் கூட்டினால் குளிரும். மனிதர்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளுக்குச் சூடானது, தெப்பத்தின் அடியில் தண்ணீர் தொடும் இடத்துக்குக் குளிர்ந்தது. பர்ன்ட் சியன்னாவோடு பிரஷ்யன் ப்ளூ சேர்த்தால் பச்சை ஓடிய இன்னும் ஆழமான இருட்டு கிடைக்கும், கடலின் நிழல்பக்கத்துக்கு அதுதான். பிரஷ்யன் ப்ளூவைக் கடுகளவுக்கு மேல் எடுக்காதீர்கள். அதிகமானால் வண்ணப் பலகை முழுக்க நீலம், பிரஷைக்கூட விடாது.

பிட்டுமனின் ஆழத்தை வேறு வழியில் கொண்டுவரலாம்: மெல்லிய அம்பர் படலம் காய்ந்தபின், ஒளி ஊடுருவும் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரீனும் கலந்த கிளேஸ் (அடியிலுள்ளது தெரியும்படி பூசும் மெல்லிய படலம்), அது காய்ந்தபின் குவினாக்ரிடோன் துளி சேர்த்த இன்னொன்று. மூன்று மெல்லிய படலங்களுக்குள் போய்த் திரும்பும் ஒளி, ஒரே தடித்த பூச்சில் வராது. இருட்டுக்கென்று ஐவரி பிளாக் கடைசி நாளில் ஐந்தாறு இடத்துக்கு மட்டும்: பலகைப் பிளவு, கயிற்று முடிச்சின் அடி, அந்த மாதிரி.

அடிப்படலம்

ஜெரிக்கோ வெள்ளைக் கேன்வாஸில் வெளிக்கோடு மட்டும் போட்டு, ஒவ்வொரு பகுதியாக மாடலைப் பார்த்து நேரடியாக முடித்தார். சிறிய பிரஷ், பிசுபிசுப்பான எண்ணெய். மறுநாள் காலைக்குள் இறுகிவிடும், திருத்த இடமில்லை. எண்ணற்ற ஆய்வுச் சித்திரங்களை முடித்துவிட்டு வந்தவருக்கு அது சாத்தியம். பழகுகிறவர் அப்படிச் செய்தால் திங்கட்கிழமை வரைந்த தோளும் வெள்ளிக்கிழமை வரைந்த தோளும் வெவ்வேறு வெளிச்சத்தில் நிற்கும். அவர் முறையை இங்கே பின்பற்ற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் பால் பதத்துக்குக் கரைத்துப் படம் முழுக்கப் பூசி, பத்து நிமிடம் விட்டு, பழைய பனியன் துணியால் ஒளிப்பகுதிகளைத் துடைத்தெடுங்கள். வெள்ளை வண்ணம் சேர்க்கக் கூடாது. கேன்வாஸின் வெள்ளைதான் ஒளி. முதலில் மூன்றே படி: வானத்தின் மஞ்சள் வெளிச்சமும் வெளிறிய உடல்களும் ஒன்று, நடுநிலை ஒன்று, இருட்டு ஒன்று. பிறகு நடுநிலையை இரண்டாகப் பிரியுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது 4 படிநிலைப் பிரதியும் கேன்வாஸும் ஒன்றுபோலத் தெரிகிற வரை முகம், விரல் எதையும் தொடாதீர்கள். அம்பரிலுள்ள மாங்கனீசு எண்ணெயை வேகமாக உலர்த்தும், வெயில் காலத்தில் ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் இரட்டிப்பாகும். நகத்தால் அழுத்திப் பார்த்துத் தடம் விழாவிட்டால் மேலே போகலாம்.

எண்ணெய்க் கணக்கு: அடிப்படலத்துக்கு டர்பன்டைன் மட்டும். அடுத்த படலத்துக்கு லின்சீட் 1, டர்பன்டைன் 3. அதற்கு மேல் 1க்கு 2. கிளேஸுக்கு 1க்கு 1. மேலே போகப்போக எண்ணெய் கூட வேண்டும், குறையக் கூடாது. இதைத் தலைகீழாக்கினால் கீழ்ப்படலம் மெதுவாக உலர்ந்து அசையும்போது மேல்படலம் வெடிக்கும். உலர்த்தும் மருந்தை நிறைய ஊற்றுவதும் அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

வானம், கடல், பிறகு உடல்கள்

பின்னாலிருந்து முன்னே வாருங்கள். வெளிச்சத்துக்கு வெள்ளையும் நேப்பிள்ஸ் எல்லோவும் துளி ஓக்கரும், மேகத்துக்கு ரா அம்பர், அல்ட்ராமரீன், வெள்ளை. மேகத்தின் விளிம்பை ஈரத்தோடு ஈரமாக உலர்ந்த பிரஷால் தட்டிக் கரையுங்கள். இடப்பக்கம் எழும் பெரிய அலை பாயின் நிழலோடு கலந்துபோக வேண்டும். அதன் நுரையை வெள்ளையாகப் போட்டால் கண் அங்கேயே போய் நிற்கும்.

சதைக்கு மூன்று குவியல் முன்கூட்டியே கலந்துவையுங்கள். ஒளி: வெள்ளை 4, நேப்பிள்ஸ் எல்லோ 1, லைட் ரெட் தொட்டும் தொடாமலும். நடு: ஓக்கர் 2, லைட் ரெட் 1, வெள்ளை 1. நிழல்: பர்ன்ட் அம்பரும் லைட் ரெட்டும் சமம், அல்ட்ராமரீன் கொஞ்சம். டைட்டானியம் சதையைச் சுண்ணாம்பாக்கும், ஆகவே தனி வெள்ளையை உடலில் எங்கும் வைக்காதீர்கள்.

இடப்பக்க மூலையில், மீட்புக் கப்பலுக்கு முதுகு காட்டி அமர்ந்த முதியவர் மடியில் இறந்த இளைஞனைப் பிடித்திருக்கிறார். நகலின் தலைவிதி இந்த உடலில்தான். உயிருள்ள சதையில் ஒளிக்கும் நிழலுக்கும் இடையே ஒரு சிவந்த பட்டை ஓடும், ரத்தத்தின் நிறம். இறந்த உடலில் அது இல்லை, அங்கே ஒரு பச்சைச் சாம்பல் இருக்கிறது. அதற்குப் பச்சை டியூப் தேவையில்லை: எல்லோ ஓக்கரோடு ஐவரி பிளாக் சிறு துளி சேர்த்தால் மங்கிய ஆலிவ் வரும், அதை வெள்ளையால் தளர்த்தினால் விலாவின் மடிப்புக்குச் சரியான நிறம். முதலில் மார்பின் ஒளியை ஒரே தட்டையான பரப்பாக வையுங்கள். அடுத்து வயிற்றின் குழியை ஆலிவ் சாம்பலால் போட்டு, இரண்டும் சந்திக்கும் இடத்தைச் சுத்தமான 4ஆம் எண் பிரஷால் ஒரே ஒருமுறை குறுக்கே இழுங்கள். இரண்டாவது இழுப்பில் விலா எலும்பு காணாமல் போகும், மூன்றாவதில் சேறாகும். சேறானால் பேலட் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள், மேலே மேலே பூசித் திருத்த முடியாது. பக்கத்திலுள்ள முதியவரின் சிவந்த துணி, சதையை இன்னும் பச்சையாகக் காட்டும். ஆகவே துணியைச் சதைக்கு முன்பே தோராயமாக நிரப்பிவிடுங்கள், இல்லையென்றால் பச்சையைத் தேவைக்கு மேல் கூட்டிவிடுவீர்கள்.

உச்சியில் துணி ஆட்டுகிற கருப்பின மனிதருக்கு ஜோசப் என்ற மாடல் நின்றார், சான்-டொமாங்கில் (இன்றைய ஹைட்டி) பிறந்தவர். அவர் முதுகை அம்பரும் கருப்பும் கொண்டு அடைப்பது பரவலாக நடக்கிற தவறு. பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரீன், துளி குவினாக்ரிடோன் என்று கலந்து, தசையின் மேட்டில் வானத்தின் குளிர்ந்த சாம்பலை வையுங்கள். அங்கே வெள்ளைகூட்டிய பழுப்பைப் போட்டால் தோல் தூசி படிந்தது போலாகும். வானத்தை ஒட்டிய அவர் விளிம்பு படத்திலேயே மிகக் கூர்மையானது. மற்ற உருவங்களின் விளிம்பை அதற்கேற்ப மழுக்கிவிடுங்கள்.

முகங்குப்புறக் கை நீட்டிக் கிடப்பவருக்கு மாடல் இளைஞர் தெலக்ருவா, பின்னாளில் அவரே பெரிய ஓவியர். அந்தப் பகுதியில் பலகை, உடல், நிழல் எல்லாம் ஏறக்குறைய ஒரே படிநிலை. பிரித்துக் காட்ட ஆசைப்படாதீர்கள், முதுகின் ஒளி மட்டும் எழுந்தால் போதும்.

கயிறுகளுக்கு ரிக்கர் (நீண்ட மெல்லிய முடியுள்ள) பிரஷ், மை பதத்தில் நீர்த்த வண்ணம். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து இழுங்கள், நடுவில் இரண்டு இடத்தில் கோடு அறுந்துபோகட்டும். ஆர்கஸ் கப்பல் நம் அளவில் சில மில்லிமீட்டர்தான். வானத்தைவிட அரைப் படி கருத்த சாம்பலே போதும். கண்ணுக்கு உடனே தெரிந்தால் பெரிதாகப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

முடிக்கும் முன்

காய்ந்தபின் சில இருட்டுப் பகுதிகள் மங்கி, மற்றவை பளபளக்கும். அடிப்படலம் எண்ணெயை இழுத்ததால் வருவது இது. நிறம் மாறிவிட்டதாக நினைத்து மேலே கருப்பைப் பூசாதீர்கள். லின்சீடும் டர்பன்டைனும் சமமாகக் கலந்து துணியில் தொட்டு, மங்கிய இடத்தில் மட்டும் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் நிறம் திரும்பும். கிளேஸ்களை இதற்குப் பிறகே தொடங்குங்கள்.

எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. லின்சீட் உலரும்போது வெப்பம் வெளிவரும், சுருண்ட துணிக்குள் அது தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். பயன்படுத்திய டர்பன்டைனைச் சிங்கில் ஊற்றாமல் ஒரு பாட்டிலில் தெளியவிட்டால் மேல்பகுதியில் திரும்பவும் பிரஷ் கழுவலாம்.

கேன்வாஸின் பின்புறத்தில் ‘ஜெரிக்கோவின் படத்தைப் பார்த்துச் செய்த நகல்’ என்று எழுதி, ஆண்டும் பயன்படுத்திய வண்ணங்களும் குறித்துவையுங்கள். லூவரில் உட்கார்ந்து நகலெடுப்பவர்களுக்குக்கூட மூலத்தின் அளவிலேயே செய்ய அனுமதி இல்லை. நம்முடையது எட்டில் ஒரு பங்கு என்றாலும் இந்தப் பழக்கம் நல்லது.

மேலே பாதுகாப்புக்காகப் பூசும் டாமர் (மரப்பிசின்) வார்னிஷுக்குக் குறைந்தது 6 மாதம் காத்திருக்க வேண்டும். வெள்ளை தடித்த இடங்கள் அதற்கும் மேல் கேட்கும். ஓரத்தில் ஒரு தடித்த வெள்ளையையும் ஒரு கிளேஸ் போட்ட இருட்டையும் டர்பன்டைன் தொட்ட பஞ்சால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இன்னும் இரண்டு மாதம் சுவரிலேயே தொங்கட்டும்.